வலப்பக்கத் தையல்

காரைப் பிரித்து விற்பதற்கு முன்னால் சீட்டுக் கவரைத் தன் தம்பிதான் கழற்ற வேண்டும், வேறு யாரும் அதில் கத்தி வைக்கக் கூடாது என்று பாட்ரீசியா ஒரே பிடியாக நின்றாள். அதனால்தான் செபாஸ்டியன் சீட்டுக் கவர் தைக்கும் தன் குஷன் கடையைச் சாத்திவிட்டு, உச்சி வெயிலில், ஆயர் குரோவுக்கு வெளியே இருந்த பழைய கார் பட்டறைக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவள் மகன் ரையனின் கார் தகரக் கூரைக்கு அடியில் கிடந்தது. இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் இப்போதுதான் கழுவித் துடைத்து நிறுத்தியது போலிருந்தது. வலப்பக்கத்தைப் பார்க்கத்தான் மனம் வரவில்லை. செலண்டார் சாலையில் மழையில் வழுக்கி, விளக்குக் கம்பத்தில் பக்கவாட்டாக மோதிய கார். பையனை வெளியே எடுக்க ஓட்டுநர் கதவையே வெட்டியிருந்தார்கள். அவனுக்கு முப்பதாம் நாள் பூசை முந்தின நாள்தான் முடிந்திருந்தது.

இரண்டே கதவு உள்ள ஸ்போர்ட்ஸ் கார் அது. ஜப்பானில் யாரோ ஆசை தீர ஓட்டிவிட்டுக் கழித்தது. உள்ளே தே தாரே என்கிற ஆற்றிய பால் தேநீரின் நிறத்தில் தோல் சீட்டுகள். ரையன் அந்தத் தோலைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினான். நாள் முழுக்க வடையும் கறிபாப்பும் பொரித்துப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிற தாயிடம், "அம்மா, எண்ணெக் கையோட தொடாதம்மா, தோலு கறுத்துரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கெட்ட பிள்ளை இல்லை, கார்ப் பைத்தியம், அவ்வளவுதான். பாட்ரீசியாவும் செய்தித்தாளை விரித்து, அடுத்தவர் வீட்டு நாற்காலியில் உட்காருவது மாதிரி விளிம்பில் உட்கார்ந்து போய்வந்தாள். அதைப் பார்க்க செபாஸ்டியனுக்குப் பொறுக்கவில்லை. தாய்மாமன் என்று ஒருவன், அதுவும் குஷன் கடை வைத்துக்கொண்டு, எதற்கு இருக்கிறான்? கார் வாங்கிய மருமகனுக்குத் தன் சீர் சீட்டுக் கவர்தான் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டான். ஃபாதர் வந்து காரை மந்திரித்த ஞாயிற்றுக்கிழமை, பழத்தோடும் பூவோடும் தாம்பாளத்தில் வைத்து அதைக் கொண்டுவந்தான்.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. கவர் சீட்டோடு ஒட்டிப்பிறந்த மாதிரி உட்கார்ந்தது. முன்சீட்டுகளில் கதவோரம் மட்டும் ஓர் இடத்தைத் தைக்காமல் பிளவாக விட்டிருந்தான். பாட்ரீசியாவின் விரல் நேரே அங்கேதான் போய் நின்றது.

"இங்க என்னா தம்பி, தைக்காம வுட்டுட்ட? சீருல கொற இருக்கலாமா?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. எக்சிடென் ஆனா சீட்டுக்குள்ள இருக்குற சைடு ஏர்பேக் அது வழியாத்தான்கா வெளிய வரும். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். ஆனால் தீர்த்தத் துளிகள் பானெட்டில் இன்னும் காயவில்லை. சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். பிள்ளை புதுச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில் எக்சிடென் என்ற சொல்லை எந்த மாமன் வாயால் சொல்லுவான்? சொன்னால், மந்திரித்த தண்ணீர் காய்வதற்குள் இப்படிப் பேசுகிறானே என்று அக்காவே முகத்தைச் சுளிப்பாள். செபாஸ்டியன் சிரித்து மழுப்பினான்.

"மறந்துட்டேன்கா."

எல்லார் முன்னாலும் உட்கார்ந்து தைத்தான். லாரி கேன்வாஸுக்குப் போடுகிற நைலான் நூல்தான் கையில் இருந்தது. அதையே இரட்டையாகப் போட்டான். "மாமா, பெர்பெக்ட் லா" என்று ரையன் தோளைத் தட்டினான். ஒருநாள் கடைக்கு வரச்சொல்லி, சத்தமில்லாமல் பிரித்துவிடலாம் என்று செபாஸ்டியன் நினைத்திருந்தான். ஹரிராயாப் பெருநாள் ஆர்டர்கள் வந்தன. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். விட்டது விட்டதுதான்.

இப்போது வெட்டிய கதவு வழியாகக் குனிந்து பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. கவர் வலப்பக்கம் உள்ளிருந்து புடைத்துக்கொண்டு நின்றது. தையல் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. தலையில் அடி இல்லை, வலது விலா எலும்பு முறிந்து நுரையீரலுக்குள் போய்விட்டது என்று டாக்டர் சொன்னது காதுக்குள் கேட்டது. அவ்வளவு வேகத்தில் போனால் எது வந்து தடுத்திருக்கும் என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தான். தடுத்திருக்கலாம். தடுக்காமலும் போயிருக்கலாம். இனி எவனாலும் அதைச் சொல்ல முடியாது.

ஸ்பேனர் கொண்டுவந்த பட்டறைக்காரர் கந்தசாமி பக்கத்தில் வந்து குனிந்தார். புடைப்பை அழுத்திப் பார்த்தார். பிறகு தையலைத் தடவினார்.

"சைடு பேக்கு வெடிச்சிருக்கு. வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னுருச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாரு தைச்சது இத?"

"நான்தான்."

கந்தசாமி தூரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாட்ரீசியாவைத் திரும்பிப் பார்த்தார். ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு, தண்ணி கொண்டாறேன் என்று போய்விட்டார்.

செபாஸ்டியன் பிளேடை எடுத்தான். தன் தையலைத் தானே அறுப்பது லேசாக இல்லை, ஒவ்வொரு இழையும் பிடிவாதம் பிடித்தது. பாதி பிரிவதற்குள் பாட்ரீசியா எழுந்து வந்துவிட்டாள். காய்ந்து விறைத்த கவரை அவன் உரித்தெடுக்க, ரத்தக் கறை பட்ட பக்கத்தை அவள் பார்க்கவில்லை. நேரே சீட்டுத் தோலில் கையை வைத்தாள். இத்தனை நாள் தொடக்கூடாதென்று இருந்த தோல். எண்ணெய் தெறித்துப் புள்ளி புள்ளியாக வெந்திருந்த கையால் மேலிருந்து கீழ்வரை தடவினாள்.

"பாத்தியா தம்பி. ஒரு சொட்டுகூட உள்ள எறங்கல."

அவள் கை வலப்பக்கம் போனது. அங்கே தோல் பிளந்து, சுருங்கிப்போன வெள்ளைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னா, வெள்ளையா?"

"ஸ்பாஞ்சுக்கா. பிஞ்சு வெளிய வந்துருக்கு."

நம்பிவிட்டாள். தம்பி சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள். கீழே கிடந்த கவரின் ஓரத்தைத் தூக்கி, பிரியாமல் மிச்சமிருந்த தையலை இழுத்துப் பார்த்தாள்.

"கம்பமே வளைஞ்சு போச்சுங்குறாங்க. தையலு வுடல பாரு. நீ தைச்சது எப்படி வுடும்."

செபாஸ்டியன் கவரை அவள் கையிலிருந்து வாங்கிச் சுருட்டினான். அவள் பேச்சு மகள் பக்கம் போனது.

"மோனிக்காவுக்கு அடுத்த வாரம் காரு வருது. பயந்துகிட்டு வேணாம்னா. எத்தன நாளைக்கு பஸ்ஸு புடிச்சு வேலைக்கு போவேன்னு நான்தான் ஏசினேன். அவளுக்கும் நீதான் சீரு செய்யணும் தம்பி. இதே மாதிரி, கொற இல்லாம. எம்புள்ளைக்கு செஞ்சத அவளுக்கும் செஞ்சா எனக்கு மனசு ஆறும்."

"அக்கா."

"என்னா?"

இப்போது அந்தச் சொல்லுக்குத் தடை இல்லை. ஒரு மாதமாக ஊரே அதைத்தான் பேசுகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் எக்சிடென் எப்படி ஆனது என்றுதான் ஆரம்பித்தார்கள். அவன் வாயிலிருந்து மட்டும் வர மறுத்தது. சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வான். அதற்குப் பிறகு, அந்த இடத்தை மூடச் சொன்னது யார் என்று அவளுக்கே ஞாபகம் வரும். சொல்லாவிட்டால், மோனிக்காவின் காரை மந்திரிக்கும் நாளில் அவள் விரல் மறுபடியும் கதவோரம் போய் நிற்கும்.

"என்னா தம்பி, சொல்லு."

சாலையில் பெரிய லாரி ஒன்று போனது. அது கிளப்பிய காற்று, வெட்டிய கதவு வழியாக உள்ளே நுழைந்தது. வெள்ளைத் துணி மெதுவாக உப்பி எழுந்தது. பாட்ரீசியா அதை உள்ளங்கையால் பிளவுக்குள் தள்ளி, மறுபடி வெளியே வராதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டு, தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.