நிற்கிறவள் பாட்டு

இனி வருவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும். காற்புள்ளி உட்பட எல்லாம் சத்தியம்.

பெண்கள் பள்ளியின் பாட்டு டீச்சருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. ஊரின் பெரிய துணிக்கடைக்கு இருபத்தைந்தாம் ஆண்டு விழா. பள்ளியின் பியானோ அந்த முதலாளி வாங்கிக் கொடுத்தது. ஆகவே சேர்ந்திசைக் குழு அங்கே போய்ப் பாட வேண்டும். எந்த விழாவானாலும் சமூக அநீதியைப் பற்றி ஒரு பாட்டு கட்டாயம் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வேறு.

"அநீதி இருக்கணும் டீச்சர். ஆனா யாரையும் குத்தக் கூடாது," என்றார் தலைமையாசிரியை.

"குத்தாத அநீதியா மேடம்?"

"தேடுங்க, கிடைக்கும். முதலாளி முகம் சுளிச்சாருன்னா பியானோ போயிடும். இந்த ரூம் ஸ்டோர் ரூம் ஆயிடும். அப்புறம் குழுவாவது ஒண்ணாவது."

டீச்சர் அலமாரியைக் கவிழ்த்தார். அவரிடம் இருந்தவை பத்து வயதிலிருந்து பன்னிரண்டுவரை முப்பத்தாறு குரல்கள். எல்லாம் கூரையைத் தொடும். தரைக்கு இறங்கத் தெரியாது. அநீதியைப் பற்றி எழுதியவர்களோ அதை ஆண்களின் அடித்தொண்டைக்கே எழுதி வைத்திருந்தார்கள். சுரங்கத் தொழிலாளர் பாட்டைச் சிறுமிகள் எடுத்தால் பூனைக்குட்டிகள் நிலக்கரி வெட்டுவதுபோல இருந்தது. கொடுங்கோல் அரசன் பாட்டு பாதுகாப்பானது, அரசன் செத்து நானூறு வருஷம். ஆனால் பாடிய முப்பத்தாறு பேரும் கொட்டாவி விட்டார்கள், அதையும் சுருதி சேர்த்து.

அலமாரியின் அடியில் ஒற்றைத் தாள் கிடந்தது. எழுதியவர் பெயரை எலி தின்றிருந்தது. மூன்றே வரி.

காலையில் நின்றாள்,
மாலையிலும் நிற்கிறாள்,
யாரிடம் கேட்பாள் உட்கார?

கடைசிச் சொல்லின் 'கா' உச்சத்தில் போய் நீள வேண்டும். டீச்சர் வாசித்துக் காட்டியதும் முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. உருவத்தைப் பார்த்து வகுப்பே சுண்டெலி என்று பெயர் வைத்த சிறுமி.

"டீச்சர், இது எங்கம்மா பாட்டு."

"உங்கம்மா பாடுவாங்களா?"

"பாட மாட்டாங்க, நிப்பாங்க. அந்தத் துணிக்கடையிலதான், மூணாவது மாடி. அங்க வேலை பாக்குறவங்க யாரும் உக்காரக் கூடாது. வீட்டுக்கு வந்தா கால் தலகாணி மாதிரி இருக்கும். நான்தான் புடிச்சு விடுவேன்."

டீச்சர் அரசன் பாட்டைக் கையில் எடுத்தார். பியானோவைப் பார்த்தார். சுண்டெலியைப் பார்த்தார். அரசனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"கடைசிச் சொல்லுக்குத் திருட்டு மூச்சு," என்றார். ஒருத்தி மூச்செடுக்கும்போது பக்கத்துக்காரி விடாமல் பிடித்திருப்பாள். கேட்பவருக்கு ஒலி அறுவதே தெரியாது. "நான் கையை மூடினாத்தான் நிறுத்தணும். கூரை இடிஞ்சாலும் சரி."

விழா நாள் பிற்பகல், கடையின் கீழ்த்தளத்தில் இருநூறு விருந்தினர்கள் நாற்காலிகளில். வேலை செய்யும் பெண்கள் வழக்கம்போலச் சுவரோரமாக நின்றார்கள். முதல் வரி அவ்வளவு மெல்லிசாக எழுந்ததால் முதலாளி அதை இறைவணக்கம் என்று நினைத்து எழுந்து நின்றார். இருநூறு பேரும் எழுந்தார்கள்.

பிறகு அந்தக் 'கா' வந்தது.

பாட்டென்று அதைச் சொல்வதற்கில்லை. கூரைக்கு மேல் இன்னொரு கூரை திறந்ததுபோல இருந்தது. மின்விசிறிகள் சத்தம் போடாமல் சுற்றின. முப்பத்தாறு வருஷம் பாட்டில் கிடந்த டீச்சருக்கே மயிர்க்கூச்செறிந்தது. சுவரோரம் சுண்டெலியின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். கையை மூட மறந்துவிட்டார்.

சிறுமிகள் நிறுத்தவில்லை. கை மூடவில்லையே.

கால் மணி ஆயிற்று. வணக்கத்தின் நடுவே முதலில் உட்காருகிறவன் யார்? அரை மணி ஆயிற்று. கண்ணாடிக்குள் இருந்த துணிப் பொம்மைகள் பாரத்தை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றிக்கொண்டன. வெளியே ஒரு பேருந்து தானாக நின்றது, யாரும் இறங்கவில்லை. ஒரு மணி ஆனபோது முதலாளியின் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது.

"மேடம், இது எப்ப முடியும்?" என்று கிசுகிசுத்தார்.

"டீச்சர் கையை மூடணும் சார்," என்றார் தலைமையாசிரியை, அழுதுகொண்டே.

முதலாளி மெல்லப் பின்வாங்கிச் சுவரோரம் வந்தார். "எப்படிம்மா நிக்கிறீங்க?"

"பழகிப்போச்சுங்க," என்றாள் சுண்டெலியின் அம்மா. "சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பினா, சுவத்துல லேசா சாஞ்சுக்குங்க."

முதலாளி சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கே சாயத் துணிவில்லை.

"நாளைக்கே எல்லாருக்கும் நாற்காலி," என்றார் முதலாளி.

சுண்டெலியின் அம்மா வாயிலிருந்து கையை எடுத்தாள். அதைக் கண்ட பிறகே டீச்சருக்குத் தன் கை ஞாபகம் வந்தது. மூடினார். இருநூறு பேரும் பொத்தென்று நாற்காலிகளில் விழுந்தார்கள்.

பியானோ போகவில்லை. பாட்டறை பாட்டறையாகவே இருந்தது. மறுநாள் காலை கடை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. மெத்தை வைத்த நூற்றிருபது நாற்காலிகள் இறங்கின.

நாக்கு லேசாக நாறத் தொடங்குகிறது, அதனால் கடைசியாக ஒரு மெய்: அந்தக் கடையில் இன்றைக்கும் ஒரே ஒரு நாற்காலிதான், அதில் உட்காருவது முதலாளி.