கண்ணாடி எடுத்துட்டு வரல

எனக்குக் கோபம் வந்தால் குரல் குக்கர் விசில்போலக் கீச்சென்று மேலே போய்விடும். கேட்கிறவர்கள் பயப்படுவதில்லை, அடுப்பை அணைக்கத்தான் ஓடுவார்கள். இவ்வளவு நாள் அது ஒரு குறையாக இருந்ததில்லை. பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் கோபத்துக்கு இடமே கிடையாது. கோபமெல்லாம் அலுவலகத்துக்குப் போகும்போதுதான்.

வீட்டுக்காரருக்கு மாற்றல் ஆனதும் நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்த மண்டலத்துக்கு வந்தேன். வந்த மறுநாளே முதியோர் கல்வி அலுவலகத்தில் என் சான்றிதழை நீட்டினேன். மேசைக்குப் பின்னாலிருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.

"இது அந்த மண்டலத்துது மேடம். இங்க செல்லாது."

"ஏன், இங்க எழுத்து வேற மாதிரியா?"

"விதி வேற மாதிரி."

ஒன்று, ஒரு வருட அடிப்படைப் பயிற்சியில் சேர வேண்டும். இல்லை, நான் பாடம் எடுக்கும்போது மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து பார்த்துத் தேர்ச்சி போட வேண்டும். தேறாவிட்டால் எனக்குக் கொடுக்கிற வகுப்பு இந்த மண்டலச் சான்றிதழ் உள்ளவருக்குப் போய்விடும். தற்காலிகமாக எனக்கு ஒரு வகுப்பு கொடுத்தார்கள்: பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவைப் பிரிவு ஆட்களுக்கு.

அந்த வகுப்பு எனக்கு உயிர். ஷிப்ட் முடிந்து, கையில் சலவைச் சோடா வாசனையோடு, விரல் நுனி வெந்து வெளுத்து வருவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருக்கும். நான் நிற்க மாட்டேன், அவர்களோடு உட்கார்ந்துகொள்வேன். யாரையும் போர்டுக்குக் கூப்பிட மாட்டேன். கதவைச் சாத்திவிடுவேன், பேரப்பிள்ளை இருக்கிறவர் 'அ' எழுதுவதை வராந்தாவில் போகிறவனெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடாது.

சூப்பர்வைசர் மட்டும் கடைசி வரிசையில் உட்காருவார். தன் ஆட்கள் ஒழுங்காகப் படிக்கிறார்களா என்று மேற்பார்வை செய்ய வருவதாக முதல் நாளே சொல்லிவிட்டார். நான் நம்பினேன். அதாவது, நம்புகிற மாதிரி தலையாட்டினேன். எல்லாருக்கும் கொடுக்கிற பாடத்தாளில் அவருக்கும் ஒன்று கொடுப்பேன், "சரிபாருங்க சார்" என்று. அவர் மேற்பார்வை செய்துகொண்டே மெதுவாகக் கூட்டிக் கூட்டிப் படிப்பார். அவருடைய ஆட்கள் ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த மரியாதையை அவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்துச் சொல்லித்தரவில்லை.

மதிப்பீட்டாளர் வந்தார். நரைத்த மீசை, கையில் அட்டை, அட்டையில் கட்டம் கட்டமாகத் தாள். வந்ததும் சந்தேகம் கேட்டார்: "பாட்டு இல்லையா?"

"என்ன பாட்டு சார்?"

"பாடத்தை ஒரு பாட்டோட தொடங்கணும். கைதட்டலோட."

இஸ்திரி போடுகிற அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "டீச்சர், நாங்க பாடினா மேல நோயாளிங்க எந்திரிச்சு ஓடிடுவாங்க." வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார், நல்ல மனிதர்தான். கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார்.

பிறகு, "யாராவது ஒருத்தர் போர்டுக்கு வந்து வாசிக்கட்டும். நீங்க வாங்க சார்" என்று கடைசி வரிசையைக் காட்டினார். அங்கேதான் ஒருவர் சத்தமில்லாமல், நிமிர்ந்து, நல்ல பிள்ளையாக இருந்தார்.

"அவர் படிக்க வரல சார். இவங்களோட சூப்பர்வைசர்" என்றேன் அவசரமாக.

"அப்போ இன்னும் வசதியாப் போச்சு. நீங்க வாசிச்சுக் காட்டுங்க, இவங்க கேட்கட்டும்."

குழியிலிருந்து தூக்குகிறேன் என்று கிணற்றுக்குள் தள்ளிவிட்டேன்.

சூப்பர்வைசர் எழுந்தார். சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடி எடுத்துட்டு வரல."

பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்: இது கண்ணைப் பற்றிய பேச்சு அல்ல. இதைக் கேட்டதும் ஜன்னல் பக்கம் பார்க்க வேண்டும், இருமலாம், இல்லை "இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று சொல்ல வேண்டும். மதிப்பீட்டாளர் என்ன செய்தார் தெரியுமா? தன் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அன்போடு நீட்டினார்.

"இந்தாங்க, என்னுதைப் போட்டுக்கோங்க. நம்ம வயசுக்காரங்களுக்கு எல்லாம் ஒரே பவர்தான்."

சூப்பர்வைசர் அதைப் போட்டுக்கொண்டார். போர்டைப் பார்த்தார். இயந்திரங்கள் உறுமின. அவர் கழுத்து மட்டும் சிவந்துகொண்டே போனது. அத்தனை பேரும் தங்கள் கால் விரல்களைப் பார்த்தார்கள்.

நான் எழுந்து உள்ளங்கையாலேயே போர்டை அழித்தேன். "பாடம் முடிஞ்சுது" என்றேன். என் குரல் குக்கராகக் கூவியது.

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், உடைந்துவிடுமோ என்பதுபோல அவ்வளவு மெதுவாக. வெளியே போனார்.

வராந்தாவில் மதிப்பீட்டாளரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன பண்ணீங்கன்னு தெரியுதா உங்களுக்கு? அந்த மனுஷனுக்குக் கீழ வேலை செய்யறவங்க முன்னாடி..."

"நான் உதவிதானே பண்ணேன் மேடம்?"

"உதவியா! பெரியவங்க கிளாஸைப் பார்க்க உங்களுக்கு யார் பயிற்சி கொடுத்தாங்க?"

அவர் மீசையைத் தடவினார். "யாரும் கொடுக்கல. நான் சர்வீஸ் முழுக்கச் சின்னப் பிள்ளைங்க கிளாஸ்தான் பார்த்தேன். ஒரு நாள் கூப்பிட்டு இந்தத் தாளைக் கொடுத்தாங்க."

"சரி, இப்ப நான் சொல்லிட்டேன்ல?"

"நீங்க எங்க சொன்னீங்க? கத்தினீங்க."

"கத்தினா காதுல விழாதா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க. உள்ள போய் யாரையாவது ஒருத்தரைப் போர்டுக்குக் கூப்பிடுங்க. ஒரு வரி போதும். மிச்சக் கட்டத்தையெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

உள்ளே போனேன். இஸ்திரி அக்கா ஏற்கெனவே எழுந்து நின்றாள். அந்தக் கதவு எந்த ரகசியத்தையும் காத்ததில்லை. "நான் வர்றேன் டீச்சர். தப்பாப் படிச்சா என்ன, என் மாமியார் திட்டாத திட்டா?" சொன்னாளே தவிர, போர்டுப் பக்கம் ஒரு அடிகூட எடுத்துவைக்கவில்லை.

ஒரு வரி. அவளை அனுப்பியிருந்தால் வகுப்பு என்னுடையது. அதுவரை எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அடுத்த வாரம் இன்னொருவர், அதற்கடுத்த வாரம் இன்னொருவர் என்று கூப்பிடச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்பதும் தெரிந்தது.

"உட்காருக்கா. யாரும் வர வேண்டாம்" என்றேன். வாசலில் நின்றவரிடம், "என்ன வேணும்னாலும் போட்டுக்கோங்க சார்" என்றேன்.

பெருக்கல் குறியைப் போட்டுவிட்டார், வகுப்பு போனது. நேர்மையான மனிதர்.

வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார்: "ஒரு வருஷம்தானே, பயிற்சிக்குப் போயிட்டு வா. கைதட்டக் கத்துக்கோ." அன்றைக்கு அவர் தோசையைத் தானே சுட்டுக்கொண்டார்.

சலவைப் பிரிவுக்குப் போய்ப் பார்த்தேன். சூப்பர்வைசர் படுக்கை விரிப்புகளை இயந்திரத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். "புது டீச்சர் வந்தாலும் வகுப்புக்கு வாங்க சார்" என்றேன்.

"வேலை ஜாஸ்தி டீச்சர்." தலை நிமிரவில்லை.

ஆட்களுக்கு நடுவே கெஞ்சினால் அது இன்னொரு போர்டு. வந்துவிட்டேன்.

புதிதாக நியமிக்கப்பட்ட பெண்ணின் விலாசத்தை விசாரித்து, அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். சண்டை போடத்தான் போனேன், பொய் சொல்வானேன். கதவைத் திறந்தது என் மகள் வயதுப் பெண். மேசை முழுக்க யானைப் படம், வாழைப்பழப் படம், கத்தரிக்கோல். ராத்திரி பகலாக வெட்டி ஒட்டியிருந்தாள், பாவம்.

"இதெல்லாம் சலவை ஆளுங்களுக்கா?"

"ஆமாக்கா. பயிற்சியில இப்படித்தான் சொன்னாங்க. சரியா வருமாக்கா? எனக்கு பயமா இருக்கு. எல்லாரும் என் அப்பா வயசு."

உட்கார்ந்தேன். யானைகளை ஓரமாகத் தள்ளினேன். நிற்காதே என்றேன். கதவைச் சாத்து, போர்டுக்குக் கூப்பிடாதே என்றேன். ஒருவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். இஸ்திரி அக்கா ஜோக் அடித்தால் பயத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம். சூப்பர்வைசர் ஒருவர் வேலை ஜாஸ்தி என்பார். வாரம் தவறாமல் அவருக்கும் ஒரு பாடத்தாள் அனுப்பு, சரிபார்க்கச் சொல்லி. காரணம் கேட்காதே.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கோ சொல்லச் சொல்ல ஆத்திரம் ஏறியது. சான்றிதழ் இருக்கிறவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். அது இல்லை என்பதற்காக நான் போய்க் கைதட்டப் போகிறேன்.

"இதை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லலையேக்கா" என்றாள் அந்தப் பெண். "இவ்வளவு தெரிஞ்சவங்க, நீங்களே அந்தக் கிளாஸை எடுக்கலாமே?"

"அதைத்தான்டி நான் ஊரெல்லாம் கத்திக்கிட்டிருக்கேன்!" என்றேன்.

அவள் பதறி எழுந்து சமையலறைப் பக்கம் ஓடினாள், அடுப்பை அணைக்க இல்லை, எனக்குத் தண்ணீர் கொண்டுவர.