ஐந்து புள்ளி நான்கு

செம்பியனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டும்போது, இந்த வலது கால்தானே என்று அய்யனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை புருஷன் செத்துக் கிடக்கும்போது வரக்கூடாத நினைப்புதான். வந்தது.

இருவரும் சிதம்பரம் டிப்போவில் டிரைவர்கள். கடலூர் ரூட்டில் ஒரே பஸ்ஸை ஆளுக்கொரு நாள் மாற்றி ஓட்டினார்கள். ராத்திரி டேங்க்கை நிரப்பும்போது, பிடித்த டீசல் அன்றைக்கு ஓட்டியவர் பேரில் ஏறும். மாதம் முடிந்ததும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று போர்டில் பட்டியல் ஒட்டுவார்கள். ஆறு வருஷமாகச் செம்பியன் ஐந்து புள்ளி எட்டுக்குக் குறைந்ததில்லை. அய்யனார் ஐந்தைத் தாண்டியதில்லை. வண்டி மேல் பழி போடவும் வழியில்லை, வண்டி ஒன்றுதான்.

இந்தத் தடவை அய்யனார் ரோஷத்தோடு இறங்கினார். ஸ்டாப் வருவதற்கு வெகு முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியைத் தன்னால் உருள விட்டார். அது செம்பியனின் வழக்கம் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. நேற்றோடு மாதம் முடிந்தது. தனக்கு ஐந்து புள்ளி நான்கு, செம்பியனுக்கு ஐந்து புள்ளி மூன்று என்று டிப்போ கிளார்க் கதிரவன் ராத்திரியே காதில் போட்டிருந்தான். விடியற்காலையில் மாரடைப்பு. தோற்றதை ஒருவரும் பார்ப்பதற்குள் செம்பியன் போய்விட்டான்.

"ஒரு சொட்டு வீணாக்க மாட்டாருப்பா. அஞ்சு எட்டு! எவனால முடியும்?" மாலை போட வந்த டிரைவர்கள் இதையே பேசினார்கள்.

அய்யனாருக்குத் தாங்கவில்லை. பந்தலுக்கு வெளியே வந்து கதிரவனுக்குப் போன் செய்தார்.

"லிஸ்ட்ட ஒட்டிட்டியாடா?"

"சாவு உழுந்திருக்குண்ணே... நாளைக்கு ஒட்டிக்கலாம்னு..."

"எதுக்கு நாளைக்கு? இப்பவே ஒட்டிட்டு வா."

உள்ளேயிருந்து தங்கை அமராவதி கூப்பிட, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுக்கு அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"அண்ணே, ஒன்னாண்ட சொல்லாதன்னு சொன்னாரு. இனிமே என்னா இருக்கு. இந்த மாசம் ஒங்கண்ணன் உயிர குடுத்து ஓட்டுறாரு, ஜெயிச்சிட்டுப் போவட்டும்னாரு. கடலூர் ஸ்டேண்டுல நிக்கிறப்பல்லாம் இன்ஜின ஆஃப் பண்ணாம உட்டுட்டு டீ குடிக்கப் போனாராம். இவ்ளோ டீசல் வீணாவுதேன்னு ஊட்டுக்கு வந்து பொலம்புவாரு."

செத்தவன் மேல் அய்யனாருக்கு இப்போது வந்த ஆத்திரம், உயிரோடு இருந்தவன் மேல் ஒருநாளும் வந்ததில்லை. ஜெயித்ததையும் அவனே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மூஞ்சியில் விட்டெறியலாம் என்றால் ஆளில்லை.

அமராவதி அவர் முகத்தையே பார்த்தாள். "ஒனக்கு சந்தோஷமா இருக்கும்னுதாண்ணே செஞ்சாரு."

அய்யனார் எழுந்து வாசலுக்கு வந்து, சொந்தக்கார ஆண்கள் நின்ற வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டார். வருகிறவர்கள் கையைத் தொட்டுத் துக்கம் கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். கதிரவன் பைக்கை நிறுத்திவிட்டு மாலையோடு வந்தான். மாலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அய்யனாரின் கையை இறுகப் பிடித்தான்.

"ஒட்டிட்டேண்ணே. நீங்கதான் ஃபர்ஸ்ட்டு," என்றான் காதருகே. சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அடுத்து வந்த பெரியவர், "மனச தேத்திக்கப்பா," என்று கையை நீட்டினார். அய்யனார் கொடுத்தார்.