உசாமா சொன்ன பதில்

…ரெண்டாயிரம் பைட் போதும், அதற்கும் கீழே போனால் லைனே அறுந்துவிடும், அறுந்தால் சந்தேகம் வரும், குரல் வர வேண்டும், ஆனால் கந்தலாய் வர வேண்டும் என்று நெட் கடை சர்வர் முன்னால் உட்கார்ந்து யோசித்தான் மதார். தடுப்புக்கு அந்தப் பக்கம் மஹ்மூதா பீவி, முக்காட்டுக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குவைத்தில் இருக்கிற மகன் உசாமாவுக்காகக் காத்திருந்தாள். மூன்று மாசம் முன்னால் வரை உசாமா மதாருக்கு மச்சான். இப்போது யார்? ஒரே கடிதத்தில் மூன்று தலாக்கும் எழுதி அனுப்பியவனை என்னவென்று கூப்பிடுவது? தங்கச்சி நஃபீஸத் அதை இரண்டு தரம் வாசித்தாள், மடித்து வைத்தாள், பீடித் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், அழுதிருந்தாலாவது… மேலப்பாளையத்தில் நெட்டில் பேச இந்த ஒரு கடைதான், மாமி இங்கேதான் வந்தாக வேண்டும், வெள்ளிக்கு வெள்ளி தாயையும் மகனையும் தன் கையாலேயே சேர்த்துவைக்க வேண்டும், ஏன் வைக்க வேண்டும்? வருகிற குரல் துண்டு துண்டாய் சர்வரில் ஒரு இடத்தில் சேர்ந்துதான் அவள் காதுக்குப் போகும், அந்த பஃபரைச் சுருக்கிவிட்டால் கொள்ளாத துண்டெல்லாம் போய்விடும், போனது போனதுதான், யார்மேலும் பழி இல்லை. போகிற குரலில் அவன் கை வைக்கவில்லை. பெற்றவள் தவிப்பதை உசாமா கேட்கட்டும், நல்லாக் கேட்கட்டும். அறுபத்தைந்தாயிரத்தை அழித்து ரெண்டாயிரம் அடித்தான், லைனைக் கொடுத்தான்.

"ஏலே உசாமா, என்னலே சொல்லுத? ஒண்ணும் வெளங்கலயே… மதாரு, இங்கன கொஞ்சம் பாரு வாப்பா."

"லைன் அப்படி மாமி. நீங்க பேசுங்க, அங்கன கேக்கும்."

எவ்வளவு சுகமாய் இருந்தது அதைச் சொல்ல… மாமி மைக்கை வாய்ப்பக்கம் இழுத்துப் பைய ஆரம்பித்தாள், "கேக்குதுன்னா கேளுலே. நீ பேசுதது எனக்குக் கேக்காததும் நல்லதுதான், இல்லன்னா என்னைப் பேச விடமாட்ட. நேத்து நஃபீஸத்து தெருவுல சலாம் சொன்னா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் பதில் சொல்ல? அந்தப் புள்ள என்னலே தப்பு பண்ணுனா? அத மட்டும் சொல்லு."

மதாரின் விரல் அப்படியே நின்றது. வீட்டில் வாப்பா கேட்காத கேள்வி, தானும் கேட்கவில்லை, கோபப்படத்தானே நேரம் இருந்தது, இந்தப் பொம்பளை கேட்கிறாள்… குவைத்திலிருந்து துண்டுகள் வர ஆரம்பித்தன, அவன் பதில் சொல்கிறான், நிறையச் சொல்கிறான், தொலைந்தவற்றின் எண்ணிக்கை திரையில் ஏறியது, முந்நூறு, எழுநூறு, ஆயிரம், மதார் அவசர அவசரமாய்ப் பழைய எண்ணை அடித்தான், அது அடுத்த லைனுக்குத்தான் பிடிக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது, இதை அறுத்தால் அவன் மறுபடி வருவானா? அறுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தப் பக்கம் உசாமா வைத்துவிட்டான்.

"என்ன மாமி சொன்னான்?"

"உம்மான்னு ரெண்டு தரம் கேட்டுச்சு. அழுதானோ, ஏசுனானோ, தெரியல வாப்பா. இன்னொரு மட்டம் இதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

படியிறங்கிப் போய்விட்டாள். அழுதிருந்தால்? ஏசியிருந்தால்? எது தனக்கு வேண்டியிருந்தது… வீட்டுக்குப் போனதும் பீடி சுருட்டுகிற கை நிற்காமல், தலை நிமிராமல், "மாமி வந்தாங்களா காக்கா?" என்று அண்ணனைக் கேட்பாள் நஃபீஸத், வெள்ளிக்கு வெள்ளி அந்த ஒரு கேள்விதான், வெறுப்பில் கேட்கிறாள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்தான், அவளும் இந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தாளோ…