சொட்டாத கசிவு

1

கழுத்து திரும்பவில்லை. இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. நேற்று வேலையிடத்தில் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு டீசலைத் தேடினேன். வண்டியின் கம்ப்யூட்டர் ‘பெரிய கசிவு’ என்று எச்சரிக்கைக் குறியீடு காட்டியிருந்தது. தரையோ காய்ந்து கிடந்தது. கடைசியில் அடைத்துப்போன ஃபில்டரை மாற்றினோம், விளக்கு அணைந்தது. நடந்தது இவ்வளவுதான். இதில் கதை இல்லை, வலிதான் மிச்சம். வலியைச் சும்மா விட எனக்கு மனசில்லை.

2

முதல் முயற்சி: அந்தப் பிற்பகலில் வானம் டீசல் நிறத்தில்—

(வேண்டாம். ஷெட்டில் வானத்தை அண்ணாந்து பார்க்க யாருக்கு நேரம்?)

இரண்டாவது: மெக்கானிக்கின் வாழ்க்கையும் ஒருவகையில் கசிவு—

(சீ.)

மூன்றாவது: ரொட்டி வேன் ஷெட்டுக்கு வந்தது. ஓட்டி வந்தவர் மெக்கானிக்கின் தங்கை புருஷன். மேட்டில் இழுவை இல்லை, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. விடிவதற்குள் வண்டி தயாராகாவிட்டால் பேக்கரிக்காரர் கடைகளுக்கு ரொட்டி போடும் அந்த லைனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். வீட்டில் வேறு வருமானம் இல்லை.

இது போகும்.

“விளக்க மட்டும் அணைச்சுக் குடு மச்சான். மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்.”

“அணைக்கிறேன். மேட்டுல நின்னுட்டா தங்கச்சியையும் கூட்டிட்டுப் போ மாப்ள. திட்டிக்கிட்டே தள்ளுவா, வண்டி தானா ஏறிரும்.”

3

(தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. டீசல் குழாயில் இருக்க வேண்டிய அழுத்தமும் இருக்கிற அழுத்தமும் ஒத்துப்போகாவிட்டால், எங்கேயோ ஒழுகுகிறது என்று அது ஊகிக்கிறது. ஃபில்டர் அடைத்திருக்கலாம். பம்ப் தளர்ந்திருக்கலாம். இன்ஜெக்டர் வாங்கிய டீசலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம். நிஜமாகவே ஒழுகவும் செய்யலாம்: இன்ஜின் ஓடும்போது மட்டும், மயிரிழை ஓட்டை வழியாக, கண்ணுக்குத் தெரியாத ஆவி மாதிரி. அதைப் பிடிக்க ஓர் அட்டையைக் குழாயோரமாக நகர்த்திப் பார்ப்பார்கள். அட்டை நனைகிற இடத்தில் ஓட்டை. கையைக் கொண்டுபோகவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கும். முதலில் வலிக்காது. உடனே ஆஸ்பத்திரியில் கீறிக் கழுவாவிட்டால் விரல் போகும், கையே போனாலும் போகும்.)

4

ஃபில்டரை மாற்றியாயிற்று. பம்ப் சரி. இன்ஜெக்டர் சரி. மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு அட்டையைத் தேடினார்.

அது மாப்பிள்ளையின் முதுகுக்கு அடியில் இருந்தது. சிமெண்டுத் தரையில் விரித்துப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

(மாப்பிள்ளையை வில்லனாக்கிப் பார்த்தேன்; வரவில்லை. இருட்டோடு எழுந்து ரொட்டித் தட்டு சுமக்கிறவர் மத்தியானம் தூங்கத்தான் செய்வார். எனக்குச் சந்தேகமெல்லாம் மெக்கானிக் மேல். இவ்வளவு தெரிந்தவர் விரலை வைப்பாரா? அடித்து அடித்து எழுதிப் பார்த்தேன். வைப்பார். புதிதாக வந்தவன் பயந்து தள்ளி நிற்பான். இவருக்கு நட்டின் இறுக்கம், பேரிங்கின் சூடு, எல்லாமே விரலில்தான் தெரியும். கண்ணை விட விரலை நம்பிப் பழகிய ஆள்.)

“மாப்ள, எந்திரி. அட்டை வேணும்.”

“ம்... ரெண்டு நிமிஷம் மச்சான்.”

“லைன் போகுதுன்னு அழுதது நீயா, நானா?”

பதிலுக்குக் குறட்டை. மெக்கானிக் குனிந்து குழாயின் அடிப்பக்கமாக விரலை ஓட்டினார். எறும்பு கடித்த மாதிரி இருந்தது. உதறினார்.

“மாட்டிக்கிச்சு மாப்ள! வளைவுலதான் ஓட்ட.”

இன்ஜினை அணைத்தார். ரத்தம் இல்லை. விரல் நுனியில் ஒரு புள்ளி.

5

முடிவு ஒன்று: குழாயை மாற்றுகிறார், குறியீட்டை அழிக்கிறார், விளக்கு வரவில்லை. லைன் தப்புகிறது. சாயங்காலம் சோற்றில் கை வைக்கும்போது விரல் மரத்துப்போய்—

(இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: அப்படியே ஆஸ்பத்திரி. விரல் தப்புகிறது. வேன் பிரித்தபடி கிடக்கிறது. தங்கை வீட்டில் யாரும் யாரோடும்—

முடிவு மூன்று: எங்களுக்கு நடந்த மாதிரி, வெறும் ஃபில்டர் அடைப்பு.

(அது நிஜம். ஆனால் இந்த விரலுக்கு அப்புறம் அதை எழுதினால் பொய்.)

6

இன்ஜின் சத்தம் நின்றதில் மாப்பிள்ளை விழித்துக்கொண்டார்.

“என்ன மச்சான், விரலையே பாத்துக்கிட்டு நிக்கிற?”

“ஒண்ணுமில்ல. அந்த ஸ்பேனரை எடு.”

மூன்றாம் பகுதியை நீங்கள் படித்துவிட்டீர்கள். மெக்கானிக்குக்குப் படிக்காமலே தெரியும். தங்கையை நினைத்துக்கொண்டு ஒண்ணுமில்ல என்கிறார். தெரியாதவர் மாப்பிள்ளை மட்டும்தான். ஸ்பேனரோடு எழுந்து வருகிறார். யாராவது அவரிடம் சொல்லித் தொலையுங்கள். என்னால் முடியவில்லை, நான் வாயைத் திறந்தால் லைன் போகும், மூடினால் கை போகும். ஸ்பேனருக்காக மெக்கானிக் நீட்டிய கை நீட்டியபடி இருக்க, இங்கே விட்டுவிடுகிறேன்.

மாப்பிள்ளை மச்சானுக்கு ஓர் அட்டை பாக்கி.