நெல்லிக்காயளவு வெண்ணெய்

என் அண்ணன் மகள் நித்யஸ்ரீக்குச் சம்பளமே அடுத்தவர் சொல்வதை நம்பாமல் இருப்பதற்குத்தான். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. அவர்கள் ஒரு வெளிநாட்டு வியாபாரிக்கு அனுப்பும் டீ-சர்ட்டில் மிருகத்திலிருந்து எடுத்த பொருள் துளியும் இருக்கக் கூடாது. 'வீகன்' என்று லேபிள் தைத்துத்தான் போகும். பட்டன் மாட்டுக் கொம்பா, பசை எதிலிருந்து காய்ச்சியது, துணி மெத்தென்று வர டையிங்கில் ஊற்றும் சாப்ட்னரில் கொழுப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு சப்ளையரிடமும் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

கேட்டால் யார்தான் இருக்கிறது என்பார்கள்? "நூறு பர்சன்ட் இல்லீங்க மேடம்" என்பார்கள். அவள் "சரிங்க" என்பாள். கேட்பவர் கேனையராக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் சண்டை போட மாட்டாள். சிரித்துக்கொண்டே இரண்டாவது கேள்வியைக் கேட்பாள். "அப்ப எதுல இருந்து எடுத்ததுங்க? பேப்பர் காட்டுங்க." பாதிப் பேர் அங்கேதான் மாட்டுவார்கள். ஒரு தடவை மாட்டியவர் அப்புறம் பழனி மலையேறிச் சத்தியம் செய்தாலும் அவளுக்குப் பேப்பர்தான் வேண்டும்.

இப்படிக் கேட்டுக் கேட்டே நாலு வருஷத்துக்கு முன்னால் அவளும் வீகன் ஆகிவிட்டாள். கறி, முட்டையோடு பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டாள். இரண்டு எருமை கட்டியிருக்கிற வீட்டில் இது எப்படி எடுபடும்? அண்ணன் லிங்கசாமி ஒரு மாதம் அவளிடம் பேசவில்லை. அண்ணி பேசினாள், ஆனால் பருப்பில் நெய்யை ஊற்றிவிட்டு எண்ணெய் என்று சாதித்தாள். ஒருநாள் சாப்பிடும்போது நான்தான், "கண்ணு, அதுல நெய் இருக்குது" என்று சொல்லிவிட்டேன். அண்ணி என்னை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்றிலிருந்து எந்தத் தட்டு வந்தாலும் நித்யா என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டினால் சாப்பிடுவாள். என்னிடம் மட்டும் இரண்டாவது கேள்வி கிடையாது. நான் அவிநாசியில் பத்துப் பேரை வைத்து அயர்னிங் யூனிட் நடத்துகிறவன். மகுடேஸ்வரன் என்ற பெயரைக் கேட்டால் "அஞ்சு மணின்னா ஏழு மணிக்கு வர்ற ஆளு" என்பார்கள். அப்படிப்பட்டவனை ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். அதில் எனக்குக் கர்வம் இருந்தது, மறைப்பானேன்.

நித்யாவுக்கு வயது இருபத்தொன்பது ஆனது. ஆறு வரன் வந்து ஆறும் பாலில் அடிபட்டுப் போயின. "தாலி கட்டின அன்னிக்கு பாலும் பழமும் சாப்பிட மாட்டாளாமா?" என்று ஒரு வீடு. "கரும்புப்பாலாவது குடிப்பாளா?" என்று கரும்புச்சாற்றை வைத்து இன்னொரு வீட்டில் கிண்டல். ஏழாவதாக வந்தவன் தங்கதுரை. தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் அமராவதி வாய்க்கால் பாசனம், கரும்பு, சொந்த ஆலைக்கொட்டாய். நாட்டுச்சர்க்கரை காய்ச்சி மூட்டை போடுகிறார்கள்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு, எதாவது கேட்க வேண்டுமானால் கேளம்மா என்று ஒப்புக்குச் சொன்னார்கள். இவள் நிஜமாகவே கேட்டுவிட்டாள்.

"உங்க ஆலையில பொங்கு அடங்க என்னங்க போடுவீங்க?"

கொப்பரையில் கரும்புச்சாறு கொதிக்கும்போது நுரை கட்டிக்கொண்டு மேலே வரும். கொழுப்பு எதாவது துளி விழுந்தால் சட்டென்று அடங்கிவிடும். இதை எந்தப் பெண்ணும் மாப்பிள்ளையிடம் கேட்டதில்லை.

"வெண்ணெய்ங்க" என்றான் தங்கதுரை. "எங்கம்மாவோட பழக்கம். மத்தவங்க ஆமணக்கெண்ணெய் ஊத்துவாங்க. உங்களுக்கு வெண்ணெய் ஆகாதுன்னா உப்புச்சர்க்கரைக்கு ஆமணக்கெண்ணெய் ஊத்திக் காய்ச்சிக் கொண்டாரனுங்க."

எண்ணெய்தான் என்று அவன் பொய் சொல்லியிருக்கலாம். யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். நித்யா அவனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். ஆறு வரனுக்கும் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன்தான் என்று.

உப்புச்சர்க்கரை மாற்றுவது எங்கள் பக்கம் கல்யாணத்தை உறுதி செய்கிற சடங்கு. இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து ஒரு தட்டில் உப்பும் ஒரு தட்டில் நாட்டுச்சர்க்கரையும் வைத்து மாற்றிக்கொள்வார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டால் முடிந்தது. அப்புறம் பேச்சு மாறக் கூடாது. எங்களுக்குச் சர்க்கரை என்றாலே பழுப்புதான். வெள்ளையை அஸ்கா என்போம். அது டீக்கு மட்டும்.

நித்யாவின் கணக்கு வேறு. பிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டி வைத்திருந்தாள். தேன் ஆகாது. கருப்பட்டி ஆகும். அஸ்கா, இந்த மில் என்றால் ஆகும், வேறு மில் என்றால் கேட்க வேண்டும். பாக்கெட்டில் வரும் பிரவுன் சுகர், வெள்ளையிலேயே பாகு கலப்பது, ஆகவே அதையும் கேட்க வேண்டும். கடைசி வரியில் நாட்டுச்சர்க்கரை, யார் காய்ச்சியது என்பதைப் பொறுத்து.

சடங்குக்கு நாலு நாள் இருக்கும்போது, "சித்தப்பா, நீங்க போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருங்க" என்றாள். கல்யாணத்துக்கு முன் பெண் அங்கே போகக் கூடாது. நான் போனேன்.

தங்கதுரை மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தான். அவன் அம்மா சின்னாத்தாள்தான் கொப்பரைப் பக்கத்தில் நின்றாள். ஆமணக்கெண்ணெய்ப் பாட்டில் மேடை மேல் இருந்தது, மூடி திறக்காமல். சாறு பொங்கி விளிம்புக்கு வந்தது. சின்னாத்தாள் கிண்ணத்திலிருந்து நெல்லிக்காயளவு வெண்ணெயை எடுத்து, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, உள்ளே போட்டாள். நுரை அப்படியே உட்கார்ந்தது.

அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"என்ற கல்யாணத்துக்கும் இப்புடித்தானுங்க காய்ச்சுனாங்க" என்றாள். "நல்ல காரியத்துக்கு மொதக் கொப்பரையில எங்க ஊட்டு மாட்டு வெண்ணெய் விழோணும். ஆமணக்கெண்ணெய் ஊத்துனா மனசு ஒப்பமாட்டீங்குது. இந்த ஒருக்காத்தானுங்க. பையங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க சம்பந்தி."

சம்பந்தி என்ற சொல் எனக்கு இனித்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள், நான் சொல்லப் போவது ஒன்றுதானே என்று நினைத்தேன். ஒரு கொப்பரைக்கு நெல்லிக்காயளவு. அதில் ஒரு சிட்டிகையில் என்ன இருந்துவிடும்? ஏழாவது வரனும் போய்விட்டால் எட்டாவது வருமா என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அவள் தனியாக நின்றுவிடக் கூடாது என்று எனக்கு நிஜமாகவே கவலை. அந்தக் கவலையும் பொய் இல்லை.

சர்க்கரைத் தூக்குப்போசியோடு திரும்பி வந்தேன். நித்யா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"கொப்பரையில என்ன போட்டாங்க சித்தப்பா?"

"ஆமணக்கெண்ணெய்தான் கண்ணு. என்ற கண்ணால பாத்தேன்."

"சரிங்க சித்தப்பா" என்று போசியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் உளறியிருப்பேன்.

சடங்கு அண்ணன் வீட்டுக் கூடத்தில், காலை ஒன்பதுக்கு மேல் பத்துக்குள். தட்டு மாற்றியாயிற்று. பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். நித்யா சர்க்கரையை எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தாள். தங்கதுரையும் ஒரு சிட்டிகை எடுத்தான். எடுத்தவன் வாயில் போடாமல் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்தான். சர்க்கரை காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். எந்தக் கடையில் எந்தச் சர்க்கரையைப் பார்த்தாலும் முதலில் விரலில் தேய்ப்பார்கள்.

அவன் கை நின்றது. மறுபடி தேய்த்தான். மூக்கருகே கொண்டுபோனான்.

நித்யாவின் உள்ளங்கை வாய்க்குப் பக்கத்தில் போய்விட்டது.

"இருங்க" என்றான். "போட்றாதீங்க. இது வெண்ணெய்ச் சர்க்கரை. விரல்ல வழுக்குது."

கூடத்தில் ஒரே கசமுசா. உப்புச்சர்க்கரையில் கை நிறுத்துவது எத்தனை பெரிய அபசகுனம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். தங்கதுரை யாரையும் பார்க்கவில்லை. "ஏம்மா?" என்று அவன் அம்மாவை மட்டும் கேட்டான்.

சின்னாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கெட்ட எண்ணம் இல்லாதவள். கூட்டத்தில் மகன் கேட்டதும் கையைப் பிசைந்தாள். "நான் என்ன ஒளிச்சா சாமி போட்டேன்? பொண்ணோட சித்தப்பா பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான இருந்தாங்க. அவங்க ஒண்ணும் சொல்லலையே. செரி, பரவால்ல போலன்னு இருந்துட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். வெண்ணெயைச் சர்க்கரையில் மறைக்க முடியவில்லை.

நித்யா திரும்பி என்னைப் பார்த்தாள். எல்லாத் தட்டுக்கும் பார்த்தது போலத்தான் பார்த்தாள். தலையை மேலும் கீழும் ஆட்டுவதா, பக்கவாட்டில் ஆட்டுவதா என்று தெரியாமல் நான் நின்றேன். கோபப்பட்டுத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் திட்டவில்லை. கையில் இருந்த சர்க்கரையை ஒரு மணி சிந்தாமல் தட்டில் திருப்பிக் கொட்டினாள்.

"அம்மா, சமையக்கட்டுல அஸ்கா டப்பா இருக்கும். எடுத்தாங்க."

"அஸ்காவா?" என்றார் அண்ணன். "உப்புச்சர்க்கரைக்கு எவனாச்சும் அஸ்கா வெப்பானா?"

அண்ணியின் தம்பி குகன் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "மாமா, அதத்தான் மாட்டெலும்புக் கரியில வடிகட்டி வெள்ளையாக்கறாங்களாமா. வீடியோ இருக்குது."

"சில நாட்டுல அப்படித்தானுங்க மாமா" என்றாள் நித்யா. ஆபீஸில் பேசுகிற குரல். "நம்ம ஊட்டுக்கு வர்ற மூட்டை எந்த மில்லுதுன்னு பாத்து அவங்களையே கேட்டேன். சாறைத் தெளிய வைக்க சுண்ணாம்பும் கந்தகப் புகையும்தான். எலும்பு இல்லை. எழுதி வாங்கி வச்சிருக்கேன். இது எனக்கு ஆகும்."

பழுப்பு என்றால் சுத்தம், வெள்ளை என்றால் பாவம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்க, அந்தக் கூடத்தில் அன்று இரண்டும் இடம் மாறி உட்கார்ந்தன. அண்ணி டப்பாவைக் கொண்டுவந்தாள். டீக்குப் போட்டுப் போட்டு அதன் மூடியில் பிசுக்கு ஏறியிருந்தது. யாரும் அதைத் தட்டில் கொட்ட முன்வரவில்லை. கடைசியில் சின்னாத்தாள்தான் முந்தானையால் டப்பாவைத் துடைத்து, இரண்டு பேர் கையிலும் ஒவ்வொரு சிட்டிகை வைத்தாள்.

"தித்திச்சாச் செரி. போடுங்க சாமி" என்றாள்.

போட்டுக்கொண்டார்கள். பேச்சு உறுதியாயிற்று. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நித்யா வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். நான் முந்திக்கொண்டு, "கண்ணு, கல்யாணம் நின்னுறக் கூடாதுன்னுதான்" என்று ஆரம்பித்தேன்.

"சரிங்க சித்தப்பா" என்றாள்.

தங்கதுரை இலையில் உட்கார்ந்து அவளுக்குப் பக்கத்தில் இடம் போட்டிருந்தான். போய் உட்கார்ந்தாள். குழம்பு வந்தபோது எதில் தாளித்தது என்று அவன் சமையல்காரரைக் கேட்டான், வேண்டாம் என்று அவள் இலைக்குக் குறுக்கே கையை வைத்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொரியலை எடுத்தாள். மூன்று இலை தள்ளி உட்கார்ந்து இதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இடம் போய்விட்டது என்று அப்போது புரிந்தது. எனக்கு வலித்தது.

இரண்டு மாதம் கழித்துக் கல்யாணம். பெண் வீட்டில் ஒரு பலகாரமாவது அவளும் சாப்பிடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று நானே பொறுப்பெடுத்துக்கொண்டேன். நெய்யில்லாத லட்டு. கடலை எண்ணெயில் பூந்தி பொரித்து, அந்த மில் அஸ்காவில் பாகு காய்ச்சி, முந்திரியும் ஏலக்காயும் போட்டு, பிடிக்கும் வரை சமையல் பந்தலை விட்டு நகரவில்லை. கரண்டியைக்கூட இரண்டு தடவை கழுவ வைத்தேன். "உங்களுக்கு என்னுங்க ஆச்சு?" என்று சமையல்காரர் மண்டையைச் சொறிந்தார்.

முகூர்த்தம் முடிந்து அவர்கள் உட்கார்ந்திருந்தபோது தட்டில் ஒரே ஒரு லட்டை வைத்து எடுத்துப் போனேன். நித்யா பட்டுச் சேலையில் அழகாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் நன்றாகத்தான் சிரித்தாள்.

"இதுல நெய், பால் ஒண்ணும் இல்ல கண்ணு. நானே நின்னு பாத்தேன்."

"அப்படீங்களா" என்றாள். லட்டை எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அதே சிரிப்போடு கேட்டாள். "என்ன எண்ணெய்ங்க சித்தப்பா?"

கேட்பாள் என்று எனக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய் டின்னிலிருந்து பிசிறில்லாமல் கத்தரித்த லேபிள். சர்க்கரை மூட்டையில் தைத்திருந்த மில் சீட்டு. இரண்டையும் அவள், தங்கதுரையும் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, மேடையில் மொய் வைக்க வந்தவர்கள் வரிசையாகக் காத்து நிற்க, கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

படித்து முடித்த பிறகுதான் லட்டை வாயில் போட்டாள்.