அழித்த சொல்

தாரணிக்குச் சொற்களோடுதான் வேலை. செல்போனில் ஆடும் சொல் விளையாட்டு ஒன்றுக்கு, எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகத்தில் ஆங்கிலப் பட்டியல்கள் தயாரிப்பாள். அந்த வாரம் கிடைத்த தலைப்பு, 'என்றென்றும்' என்பதற்குப் பழங்கால ஆங்கிலத்தில் புழங்கிய சொற்கள். ஒன்பது சேர்த்து, திங்களன்று டீம் லீட் வீணாவுக்கு அனுப்பினாள்.

செவ்வாயன்று அவள் நாற்காலியில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. 'எவர்மோர்' என்று ஒரே சொல். பட்டியலின் முதல் சொல். யாரோ கிண்டல் செய்கிறார்கள் என்று கசக்கி மேசை டிராயரில் போட்டாள். புதனன்று சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்கு அடியில் இன்னொன்று: 'ஆல்வே'. கூடவே அவள் பெயர். சீட்டோடு நேரே வீணாவிடம் போனாள்.

"லிஸ்ட் என்கிட்டயும் நம்ம டீம் கிரண்கிட்டயும்தான் இருக்கு," என்றாள் வீணா. "கிரண் அப்படிப்பட்ட ஆளு இல்லப்பா. இருந்தாலும் கேக்கறேன்."

வியாழன் காலை ஜீவனஹள்ளி வீட்டுக் கதவைத் திறந்ததும், இடுக்கில் செருகியிருந்த சீட்டு காலடியில் விழுந்தது. 'ஃபார் ஏ.' வீடு வரைக்கும் வந்திருக்கிறான். தெருமுனையில் கம்பெனி கேப் ஹாரன் அடித்தது. சீட்டைக் கைக்குள் மூடிக்கொண்டு ஓடிப்போய் ஏறினாள். முன் சீட்டில் கூட வேலை பார்க்கும் அனுஷா. பின் சீட்டில் அவள் பக்கத்தில் ப்ரஹ்லாத், வேறு டிபார்ட்மெண்ட், அவளுக்கு முன்பே பக்கத்துப் பிரேசர் டவுனில் ஏறுபவன், தினமும் அவளுக்கு ஜன்னலோரத்தை விட்டுக் கொடுப்பவன்.

மேம்பாலத்தில் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. 'ஃபார் ஏ' அவள் அனுப்பிய பட்டியலிலேயே இல்லை. aye என்று எழுதும் அந்த 'ஏ'வுக்கு 'ஆமாம்' என்றும் பொருள் உண்டு, ஆடுகிறவர்கள் குழம்புவார்கள் என்று அழித்துவிட்டாள். திங்கள் காலை, இதே வண்டியில், மடியில் லேப்டாப்பை வைத்து அடித்து, இரண்டே நிமிடத்தில் அழித்த சொல். வீணா பார்த்ததில்லை. கிரணும் பார்த்ததில்லை.

அவள் முழங்கை பக்கத்துச் சட்டையில் உரசிக்கொண்டிருந்தது. மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு லேப்டாப் தெறக்கலையா?" என்றான் ப்ரஹ்லாத், அவள் காதுக்கு மட்டும். "கைக்குள்ள என்ன வச்சிருக்க?"

பாலத்தில் நிறுத்த முடியாது. ஓட்டுநரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். முதல் தடவை காற்றுதான் வந்தது.

"சிவசங்கரண்ணா! இவரு என் வீட்டுக் கதவுல லெட்டர் வச்சிருக்காரு."

அனுஷா திரும்பிப் பார்த்தாள். ப்ரஹ்லாத் சிரித்தான்.

"பிரீதில எழுதினேன். காலத்துக்கும் கூட இருப்பேன்னு சொல்றது தப்பா? நீயே தேடி எடுத்த வார்த்தைதானே. யாரும் பாக்காத நேரமாப் பாத்துத்தான் வச்சேன். உங்கப்பா அஞ்சரைக்கே கெளம்பிடறாரு இல்ல?"

அப்பா கிளம்பும் நேரம் வரை அவனுக்குத் தெரிந்திருந்தது. எத்தனை விடியலாக அவன் அந்தத் தெருவில் நின்றிருக்கிறான்?

"சார், வாய மூடிட்டு உக்காருங்க," என்றார் சிவசங்கரன். அனுஷா போனில் பதிவு செய்யத் தொடங்கியிருந்தாள். வண்டி எங்கும் நிற்காமல் அலுவலகத்துச் செக்யூரிட்டி வாசலில்தான் நின்றது.

மதியம் ஸ்டேஷனில் மமதா என்ற போலீஸ்காரம்மா புகாரைக் கன்னடத்தில் எழுதினார். மூன்று சீட்டுக்கும் அர்த்தம் கேட்டார்.

"எந்தெந்திகூ, மேடம்," என்று 'என்றென்றும்' என்பதைக் கன்னடத்தில் சொன்னாள் தாரணி. "மூணும் அதேதான்."

மமதா பேனாவை வைத்தார். பிறகு, செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்திருந்தவனைக் கூட்டிவர ஜீப்பை அனுப்பினார்.

தாரணியின் அப்பா இளங்கோவன் வேலை உடுப்போடு ஓடி வந்தார். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

"நேத்தே ஏம்மா சொல்லல?"

"சொன்னா வேலைய விடச் சொல்லுவீங்கன்னு பயம்பா."

இளங்கோவன் வழியெல்லாம் அதைச் சொல்லத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.